அக்கா போட்டுக்கொண்ட ஊசி

அக்கா,

இன்று காலை ஒரத்தநாட்டிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி மாட்டுக்கு ஏதாச்சும் சீக்கு இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. என் மனைவிதான் பதில் சொன்னாள்.

சென்னையில் உன்னையும் அப்படித்தான் கேட்டார்கள். கானாவில் இருக்கும் உன் மகளுக்குப் பேறுகாலம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று பாபநாசத்திலிருந்து உன்னை அழைத்துப்போனவன் நான். உனக்கு அறுபத்துமூன்று வயது என்றதுமே அங்கிருந்த டாக்டர் யோசித்தார். முட்டை ஒத்துக்கொள்ளுமா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "நெஞ்சுல ஆபரேஷன் ஏதாவது? தைமஸ் சுரப்பியில கோளாறு?" என்றார்.

இமை தொங்கி, சோறு விழுங்க முடியாமல் ஒரு வருஷம் தவித்தாயே, அப்போது உனக்கு எடுத்த சுரப்பி அதுதான். தழும்பின் மேல் முந்தானையை இழுத்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாய். நான் பேசாமல் இருந்தேன்.

வெளியே வந்ததும், "சொன்னா ஊசி போடமாட்டாங்கடா. தலைப்பிரசவம், நான் இல்லாம எப்படி?" என்றாய்.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் வரத்தானே செய்யும் என்று நான் நடவுக்குப் போய்விட்டேன். ஆறாம் நாள் உன் கண் மஞ்சளாகிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்தான் வாயைத் திறந்தேன். அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"தைமஸ் எடுத்தவங்களுக்கு இந்த ஊசி போடவே கூடாதுங்க. வலு குறைச்ச உயிருள்ள கிருமி அது. இவங்க உடம்பால அதை அடக்க முடியலை. சொல்லியிருந்தா, ஊசி போடக்கூடாதுன்னு சான்று குடுத்திருப்பாங்க. அதைக் காட்டி அனுமதி கேட்டுப் பாத்திருக்கலாம்."

பத்தாம் நாள் நீ போய்விட்டாய்.

நிறைமாதம் என்பதால் உன் மகளால் வர முடியவில்லை. போனில்தான் உன் முகத்தைக் காட்டினேன். கைக்குழந்தையோடு அவள் வந்தபோது, கெட்டுப்போன மருந்தை உனக்குப் போட்டுவிட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நானும் அப்படியே விட்டிருக்கலாம். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாவுக்கு என்னைப் பாக்கணும்னு அவசரம். நீங்க ஏன் மாமா சும்மா இருந்தீங்க?" என்றாள். அதன்பின் அவள் எனக்குப் போன் செய்ததில்லை.

இப்போதெல்லாம் யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவர்கள் மறைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மனைவி மறைத்த ஒன்றை டாக்டரிடம் போட்டு உடைத்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருக்கட்டும், அக்கா. இருக்கட்டும்.