முடியாது என்றால் ஏன் என்றும் சொல்

இன்று காலை கொழும்புக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை மலை இறக்கத்தில் பஸ்ஸின் பிரேக் கருகும் வாசம் வந்தது. உடனே உன் நினைவு. சோதனைச் சாவடி இருந்த வளைவில் இப்போது அவித்த சோளம் விற்கிறார்கள்.

யுத்த காலத்தில் அலவத்துகொடையிலிருந்து நானும் யாழ்ப்பாணத்திலிருந்து நீயும் வந்து, கண்டி ஆய்வுகூடம் ஒன்றில் ஒரே மேசையைப் பங்குபோட்டோம். தாமாக யோசித்து, தமக்குள் பேசி முடிவெடுக்கும் இரண்டு கணினி நிரல்களை எழுதினோம். ஒன்று கண்டி மருந்துக் களஞ்சியத்துக்கு, மற்றது குண்டசாலைக் களஞ்சியத்துக்கு. கொழும்பில் அவற்றை இயக்கிக் காட்டினால்தான் உன் வேலை நிலைக்கும். வேலை இல்லாமல் யாழ்ப்பாணத்தவன் நீ கண்டியில் தங்கவும் பொலிஸ் விடாது.

அவையோ சண்டைக்கோழிகள். ஒன்று "மருந்து தா" என்னும், மற்றது "முடியாது" என்னும். மறுபடி "தா", மறுபடி "முடியாது". கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி எழுதியவன் நீதான். "கூடக் கதைச்சால் வில்லங்கம் மச்சான்" என்பாய். சாவடிகளில் பழகிய வாய் அல்லவா!

கொழும்புக்குப் போன அன்று இந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய் ஊரைக் கேட்டான். "யாழ்ப்பாணம்" என்றாய், அதோடு வாயை மூடிக்கொண்டாய். ஒதுக்கி நிறுத்திவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. மருந்து, நிரல், உன் வேலை, எல்லாவற்றையும் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். மெஷின் கதைக்குமா என்று சிரித்துவிட்டு ஏறச் சொன்னான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாய். பிறகு, "நீ ஏனெண்டு சொன்னாய், விட்டிட்டான். எங்கட ரெண்டு நிரலுக்கும் அதுதான் இல்லை" என்றாய். கொழும்பில் போய் இறங்கியதும் முதல் வேலையாக நிரலைத் திருத்தினாய். "முடியாது, இருப்பது நாளைய சத்திரசிகிச்சைக்கு" என்றது கண்டி. "அப்படியானால் பாதி தா" என்றது குண்டசாலை. பாதி கிடைத்தது. உன் வேலையும் நிலைத்தது.

போன வருடம் உன்னை எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். "வரமாட்டன் மச்சான்" என்றாய். நான் கேட்குமுன்பே, "ஈரல் பழுதாப் போச்சு. டொக்டர் கைவிரிச்சிட்டார்" என்றும் சொன்னாய்.

நீ திருத்திய நிரல் அந்த இடத்தில் என்ன சொல்லுமோ, அதையே சொன்னேன். "அப்ப நான் வாரன்டா."

வந்தேன். மூன்று நாள் உன்னோடு இருந்தேன். ஏன் என்று நீ சொன்னதால் கிடைத்த, உன் கடைசி மூன்று நாள்.