இருபது மீட்டர் ஆழத்தில் சிவப்பு

நவம்பர் 4
முக்குளிக்க வந்த விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு விரிகுடாவுக்கு வெளியே கடலுக்குள் இறங்கினேன். இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு மரப்படகு, பாதி மணலுக்குள். ஜூன் மாதக் காற்றில் மகாமே அண்ணன் படகோடு காணாமல் போனதிலிருந்து எந்தப் படகைப் பார்த்தாலும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இது அவனுடையதா? அவனுடையது சிவப்பு. இது சாம்பல். ஆனால் அந்த ஆழத்தில் எதுதான் சாம்பலாகத் தெரியாது?

நவம்பர் 5
முவாத்துமு அண்ணியிடம் சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே இருந்தாள்.
"அது எவன் படகோ. உங்கண்ணன் படகை வித்துட்டு முத்வாரா டவுனுல எவளோடயோ குடும்பம் நடத்துறான்."
"நெஜமா அப்படி நெனக்கிறீங்களா அண்ணி?"
"வேண்டிக்கிறேன்டி. எவகூட வேணா இருக்கட்டும். உயிரோட வந்து எங்கிட்ட செருப்படி வாங்கட்டும்."

நவம்பர் 12
படம் எடுத்துக் காட்டலாம். எதில் எடுப்பது? எங்கள் முக்குளிப்புக் கடையின் மூத்தவர் ஃபாக்கியிடம் கேட்டேன்.
"செல்போன உறையில போட்டு எடுக்கலாம்னு பார்க்காத சிக்குதானி, அந்த ஆழத்துல தண்ணி புகுந்துடும். பெரிய கேமராவும் வேணாம், அதோட மல்லுக்கட்டுறதுக்குள்ள காத்து தீர்ந்துடும். சின்னதா, உறையோட ஒண்ணு பாரு."
ஊருக்குத் திரும்பும் ஒரு விருந்தினரிடம் உள்ளங்கையளவு கேமரா ஒன்றை வாங்கிவிட்டேன்.

நவம்பர் 20
எல்லாப் படமும் நீலம். நீலத்துக்குள் ஒரு கறுப்பு மேடு.
"இதுவா நம்ம படகு? நம்மளுது சிவப்புடி!" அண்ணி சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. என் தட்டில் இன்னொரு துண்டு கணவாய் வைத்தாள்.

நவம்பர் 21
இதோடு விட்டுவிடலாம். விட முடியவில்லை. அவன் எனக்கும் அண்ணன்தானே.
ஃபாக்கியிடம், "கேமரா முன்னாடி சிவப்புக் கண்ணாடி மாட்டினா சரியாகுமா?" என்றேன்.
"அவ்வளவு ஆழத்துல அது படத்த இருட்டாக்கும், அவ்வளவுதான். சிவப்பு அங்க செத்துடும். வெளிச்சத்த நீதான் எடுத்துட்டுப் போகணும். ஒரு நல்ல விளக்கு வாங்கு. பக்கத்துல போ. போதும்னு தோணினா இன்னும் பக்கத்துல போ."

டிசம்பர் 9
தார் எஸ் சலாமிலிருந்து விளக்கு வந்துவிட்டது. பிரிக்கவே கை வரவில்லை.

டிசம்பர் 11
ஃபாக்கியும் கூட இறங்கினார். கையால் பாசியைத் தேய்த்தேன். விளக்கைப் போட்டேன்.
சிவப்பு.
ஐயோ, என்ன சிவப்பு அது. பக்கவாட்டில் கோணலாக ஒரு மஞ்சள் கோடு. முகமூடிக்குள் அழுதால் எதிரே இருப்பது ஒன்றுமே தெரியாது என்று இன்றுதான் தெரிந்தது. ஃபாக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்தேன். தெளிவாக விழுந்திருக்கிறது. ஏன் விழுந்தது?

டிசம்பர் 13
காட்டவில்லை. அழித்துவிடட்டுமா? அவள் அவனைத் திட்டிக்கொண்டாவது இருப்பாளே.

டிசம்பர் 15
அண்ணியே கேட்டுவிட்டாள். "நாலு நாளா என் முகத்தப் பார்க்க மாட்டேங்குற. காட்டு."
காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.
"இந்தக் கோடு நான் இழுத்ததுடி. கோணலாப் போச்சுன்னு அன்னிக்கு முழுக்கக் கிண்டல் பண்ணினான்." பிறகு, "பாவி, எங்கயும் போகலயா நீ" என்றாள். அதற்குப் பிறகு அவள் எழுப்பிய சத்தத்தை எழுத என்னால் ஆகாது.

டிசம்பர் 17
பள்ளிவாசலில் அண்ணனுக்கு, உடலில்லாமலே, இறந்தவருக்கான தொழுகை வைத்தார்கள். அண்ணி வீட்டை விட்டு வெளியே வராமல், விதவைக்குரிய இத்தா இருக்கிறாள்.

மார்ச் 2
இன்று முக்குளித்துவிட்டு ஈரத் தலையோடு அண்ணியிடம் போனேன். என் முடியைத் துவட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்:
"கீழ ரொம்பக் குளிருமா?"
"இல்ல அண்ணி. வெதுவெதுன்னுதான் இருக்கும்."
பொய் இல்லை. மார்ச் மாதத் தண்ணீர் அப்படித்தான். இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.