நுரைத்த திராட்சரசம்

என் அன்புக்கும் மரியாதைக்கும் என்றும் உரிய கணவர் அவர்களுக்கு,

அங்கே பாலம் கட்டும் பணியில் தாங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு படியிலும் தேவனுடைய கிருபை துணைநிற்பதாக. வீட்டில் யாவரும் சுகம். சின்னவளுக்குச் சளி தணிந்துவிட்டது. இதற்கு மேல் வருவதைத் தாங்கள் உட்கார்ந்து வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

நம் போதகர் ஒரு குடிகாரர்.

இந்த வார்த்தை என்னுடையது அன்று, அவருடையது. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனையில், பீடத்தின் முன் நின்று, சபை முழுவதும் கேட்கச் சொன்னார்.

காரணம் நான். அவர் இங்கு வந்த புதிதில், திருவிருந்துக்குப் புளித்த திராட்சரசம் வேண்டாம், கொதிக்கவைத்த சாறே போதும் என்று கேட்டுக்கொண்டதும், அப்பொறுப்பை நான் ஏற்றதும் தாங்கள் அறிந்ததே. பிள்ளைகளை உத்தேசித்துக் கேட்கிறார் என்றே அனைவரும் எண்ணினோம். இம்முறை, கொதிக்கவைத்தால் நிறமும் மணமும் கெடும் என்று ஒரு பத்திரிகையில் வாசித்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் எழுத்துக் கற்றவள் அல்லவா, அச்சில் ஏறியது எதுவும் எனக்கு வேதவாக்கு. பச்சையாகவே பிழிந்து, வடிகட்டி, புட்டியில் அடைத்து, ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கொடும் வெக்கையில் கோயில் அலமாரியில் வைத்துவிட்டேன். கிண்ணத்தில் ஊற்றியபோது பொங்கி நுரைத்தது. எத்தனை புதுசாக இருக்கிறது என்று பூரித்தும் போனேன்.

அவர் கிண்ணத்தை உயர்த்தி ஜெபித்தார். உதட்டருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் சாம்பலாய் வெளுத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இதை என்னால குடிக்க முடியாது. நான் குடிகாரன். விட்டுப் பல வருஷமாச்சு. ஆனா இதுல ஒரு வாய் உள்ள போனா, நாளைக்கு எந்தத் தெருவுல கிடப்பேன்னு எனக்கே தெரியாது. நீங்க பங்கெடுங்க" என்றார்.

முன்வரிசையில் யாரோ பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டார்கள். எடுக்கக்கூட எவரும் குனியவில்லை.

அதன் பின் அவர் செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. அதே கிண்ணத்தைத் தாமே ஏந்திக்கொண்டு, மண்டியிட்டிருந்த ஒவ்வொருவரிடமும் வந்தார். முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, மூச்சை அடக்கி, எங்களுக்குக் கொடுத்தார். என் நாக்கில் பட்ட கணமே, சாறு புளித்து மதுவாகியிருந்ததும் என் பிழையும் எனக்கு விளங்கின. அண்ணாந்து பார்த்தேன். அவர் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "சாறு பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்கம்மா, அதுதான் சிக்கலே" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி ஊழியம் செய்கிறீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "தினமும் பயத்தோடதான் எழுந்திருக்கேன். அந்தப் பயத்தோடதான் உங்களுக்கெல்லாம் ஜெபிக்கிறேன். எனக்குப் பயம் விட்டுப்போச்சுன்னா, அன்னைக்கு என்னை நம்பாதீங்க" என்றார்.

நேற்று சபைக் குழு கூடியது. மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டி, "குடிகாரன் கையால ஞானஸ்நானம் வாங்கினேன்னு என் பேரன் நாளைக்குச் சொல்லணுமா?" என்றார். தையற்கார அக்கா விடுவாரா? "யோக்கியமானவங்கதான் கோயில் நடத்தணும்னா, இன்னைக்கே பூட்டிட்டு சாவியைப் பரலோகத்துக்கு அனுப்பிடுங்க. உங்க கடையில பாட்டில் பாட்டிலா இருமல் மருந்து போகுதே, ஊருல அவ்வளவு பேருக்கா இருமல்?" என்றார். புளிப்பு என் கைவேலை என்று நான் எழுந்து சொன்னேன். கேள்வி அதுவல்ல என்று உட்காரச் சொன்னார்கள். வாக்கு இருபக்கமும் சமமாக நின்றது. ஆகவே தலைவராகிய தங்கள் வாக்கே முடிவு. அவர் இருப்பதும் போவதும் இப்போது தங்கள் கையில்.

தங்கள் மனம் எப்பக்கம் சாயும் என்பதை அறியாதவள் அல்லேன் நான். மாமா குடித்துவிட்டு வந்து கதவை உதைத்த நாட்களில், அத்தையை உள்ளறையில் வைத்துப் பூட்டி, வாசலில் நின்று அடி வாங்கிய பிள்ளை தாங்கள். அந்தக் காயத்தைச் சிறியது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆயினும் தங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. மாமா தம் கடைசி வருடத்தில், ஞாயிறுதோறும் கோயில் சுவருக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் கண்டுகொண்டு, உள்ளே வாருங்கள் மாமா என்று கையைப் பிடித்தேன். "வேணாம்மா. உள்ள என் பிள்ளை நிம்மதியா உக்காந்திருக்கான்" என்று கையை உருவிக்கொண்டார்.

வாக்கை எப்படி அளிக்கவேண்டும் என்று தங்களுக்குச் சொல்ல நான் யார்? தங்கள் காலைப் பிடித்துக் கேட்பது இவ்வளவே: அதை எழுதி அனுப்பாதீர்கள். இரண்டு நாள் விடுப்புப் பெற்று நேரில் வாருங்கள். போகச் சொல்வதானாலும், அந்த மனிதர் முகத்தைப் பார்த்துத் தாங்களே சொல்லுங்கள். வழியெல்லாம் கர்த்தர் தங்களோடு பேசிக்கொண்டே வருவாராக.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
தங்கள் மனைவி