இரண்டு தெரு தள்ளி

காரில் ஆரஞ்சு ஜூஸ் சிந்திவிட்டது, மேடம். உங்கள் நினைவாக, உங்கள் பெயரில் முதன்முதலாகத் தரப்போகும் விருதின் அழைப்பிதழ் பக்கத்து சீட்டில் இருந்தது. சரியாக உங்கள் பெயர் மேலேயே வழிந்துவிட்டது. விருது எனக்குத்தான். பட்டுப்புடவை முந்தானையால் துடைக்கும்போது அந்த வாசனை என்னை ரயில் நிலைய வாசலுக்கு இழுத்துப்போனது.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த வருடம். நியூ ஜெர்சிக்கு வந்து நான் சுகாதாரத் துறை வேலையில் சேர்ந்த புதிது. காசநோயாளிகளின் வீட்டுக்கே போய், அவர்கள் மாத்திரையை விழுங்கும்வரை கூட இருக்க வேண்டும். "காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்து" என்று முதல் நாளே சொன்னீர்கள். நானோ, மழைக்குச் சோம்பல்பட்டு, அரசு முத்திரை போட்ட காரை, நோயாளிகளில் ஒருவனான தமிழ்ப் பையன் நஸீரின் வாசலிலேயே நிறுத்தினேன். மறுநாள் அவன் அங்கே இல்லை. மருந்து பாதியில் நின்றால் அவன் உயிருக்கே ஆபத்து.

திட்டுவீர்கள் என்று நடுங்கினேன். எங்கள் துறையின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அதிகாரி நீங்கள். கோட்டை மாட்டிக்கொண்டு, "மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போக அவன் ரயில் ஏற வந்துதானே ஆக வேண்டும்?" என்று கிளம்பிவிட்டீர்கள். கையில் மாத்திரையும் அதை விழுங்க ஆரஞ்சு ஜூஸுமாக, குளிரில் நான்கு காலைகள் நின்றோம். ஐந்தாம் நாள் நஸீர் வந்தான்.

"அக்கா, உங்க வண்டிய பாத்துட்டு இமிக்ரேஷன் போலீஸ்னு ரூம்ல எல்லாரும் பயந்துட்டாங்க. என்னை உடனே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

தலைகுனிந்தபடி உங்களுக்கு மொழிபெயர்த்தேன். அவனை ஓரமாக அழைத்துப்போய், "தப்பு எங்களுடையது" என்று மன்னிப்புக் கேட்டீர்கள். அவன் மாத்திரையை விழுங்கினான். பிறகு முழு மருந்தையும் முடித்தான்.

திரும்பும்போது சொன்னீர்கள்: "என் முகத்தைப் பார்த்தே கதவைச் சாத்தியவர்கள் உண்டு. திறந்த கதவை நாம் இழக்கக்கூடாது."

இப்போது போன் அடிக்கிறது. கணவர்.

"எல்லாரும் வந்தாச்சு. போட்டோவுக்கு உன்னைத் தேடறாங்க. அவார்டு வாங்கற அன்னிக்குமா ட்யூட்டி?"

"இந்தப் பேஷண்ட் ஏற்கெனவே ரெண்டு தடவ மருந்த நிறுத்தினவர். நான் போகலைன்னா இன்னிக்கும் சாப்பிட மாட்டார்."

விழா காத்திருக்கட்டும். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். இவரை விட்டுவிட்டு நேரே அங்கே போயிருந்தால்தான் கோபித்திருப்பீர்கள்.

மிச்ச ஜூஸை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். அவர் வாசலில் கார் நிறுத்தத் தாராளமாக இடம் இருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்தியிருக்கிறேன், மேடம். புதுச் செருப்பு கடிக்கிறது. நடக்கிறேன்.