படையலில் ஒரு ஸ்க்ரூ

ஞாயிறு, இரவு.

இன்று என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் படையல். வடைக்கு உளுந்து அரைக்கும்போது பிளெண்டர் நின்றுவிட்டது. "புதுசு வாங்கிட்டு வந்திரலாம், அண்ணி" என்றாள் அவர் தங்கை. புதுசாம்! அவர் வீட்டில்! மகள் மலர் அதற்குள் தரையில் பேப்பரை விரித்து, அப்பாவின் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து ஊரான லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர் அவர். வேலை முடிந்தால் நேராக வீடுதான். நன்றாக ஓடுகிற மின்சாரக் காற்றாடியைக்கூட, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்துவிடுவார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு ஸ்க்ரூவைக் கையில் வைத்திருப்பார்கள். மூடிய பிறகு ஒன்று கட்டாயம் மிஞ்சும். "கம்பனிக்காரன் கூடுதலா போட்டுட்டான் லா" என்பார். ஆனால் காற்றாடி ஓடும்.

பிளெண்டரும் ஓடியது. மலர் கையை விரித்துக் காட்டினாள். "அம்மா, ஒண்ணு மிச்சம் லா!" அவர் போன பிறகு இன்றுதான் வீடு சிரித்தது.

அந்த ஸ்க்ரூவைப் படையல் இலையில் வைத்தேன்.

"இலையில இரும்பா, அண்ணி?" என்றவள் அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வடையைக் கொஞ்சம் தள்ளி, அதற்கு இடம் விட்டாள்.