சொன்னதைக் கோத்த கை

சேர்வராயன் கோயில் திருவிழா பஸ்ஸில் இன்று முன் இருக்கையில் ஒரு கூடை மருக்கொழுந்து. ஜன்னலைத் திறந்தும் வாசனை போகவில்லை. கோயில்வரை போக மனம் வராமல் வழியிலேயே இறங்கிவிட்டேன்.

நாம் ஒன்றாகப் பிளஸ் டூ படித்த வருஷமும் திருவிழாவுக்கு இப்படித்தான் உங்கள் வீடு மணந்தது. நீ பூக்கட்டினாய், உன் கைக்கு ஓய்வில்லாததால் உயிரியல் பாடத்தை நான் உரக்க வாசித்தேன். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமுக்கு இரண்டு துண்டு. சிறியது மரபணுவிலிருந்து வரும் செய்தியை வாசிக்கும். பெரியது அந்த வரிசைப்படி அமினோ அமிலங்களைக் கோத்துக்கொண்டே போகும். அந்தச் சரம்தான் புரதம்.

"வாசிக்கிற சின்னது நீ, கோக்கிற பெருசு நானா? என் ஒடம்பப் பாத்துத்தான சொல்ற?" என்று கிள்ளினாய்.

பிறகு சாமி மாலை. பெரியவர் வரிசை சொல்லச்சொல்ல மறுபேச்சின்றிக் கோக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். அடுப்படியிலிருந்து உன் அம்மா சொல்லிவந்தார்: செவ்வந்தி, கோழிக்கொண்டை, மருக்கொழுந்து. பால் பொங்கிய பதற்றத்தில் கோழிக்கொண்டையை விட்டுவிட்டார். நீயும் விட்டாய்.

"ஏஞ்சாமி, கண்ணத் தொறந்துட்டுத்தான கட்டுன?"

"நீங்க சொன்னதத்தானுங்கம்மா கோத்தேன்!"

மூவரும் சிரித்தோம்.

மறுவருஷம் உன் கை தலைவரை உயரவில்லை. பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. தசைக்கு வேண்டிய ஒரு புரதம் உன் உடம்பில் பிறவியிலிருந்தே பிழையாக உருவாகிறது, மருந்து கிடையாது என்றார் சேலத்து டாக்டர். நான் நம்பவில்லை. கல்லூரி நூலகத்தில் ரைபோசோம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த ரைபோசோமைச் சரிசெய்ய வழி பிறக்கும் என்று உன் கட்டிலருகே பேசிக்கொண்டே போனேன்.

"அதுல என்ன புள்ள பழுது? வந்த சேதியே தப்பு. அது பாவம், சொன்னதத்தான கோக்கும்" என்றாய்.

நூலகப் புத்தகத்தை மூடிவைத்தேன்.

கடைசி மாதங்களிலும் வாசிக்கச் சொன்னாய். உன் விரல்கள் போர்வைமேல் அசையாமல் கிடந்தன.

சரம் முடிந்ததும் இரு துண்டுகளும் பிரிந்துவிடும். அடுத்த செய்திக்கு மறுபடி சேரும். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் இப்போதும் தனியாக உட்கார்ந்து உரக்கத்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு வரி முடிவிலும், நீ முடிச்சை இழுக்கும் நேரம் அளவுக்கு நிறுத்துகிறேன். பிறகு அடுத்த வரிக்குப் போகிறேன்.