தேய்க்காமல் விட்ட துண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் முன், மண்ணுக்கடியில் பழங்காலப் பொருள்கள் இருக்கின்றனவா என்று இங்கே குழி வெட்டிப் பார்க்கிறார்கள். கிடைக்கும் பானை ஓடுகளை நாங்கள் மூன்று பெண்கள் கழுவுகிறோம். செவ்வாயன்று உள்ளே அடிப்பிடித்துக் கருகிய சட்டித் துண்டு ஒன்று வந்தது. நீ பழக்கியபடி பளபளவென்று தேய்த்துவிட்டேன்.

ஆய்வாளர் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவிகளா! அந்தக் கருகல வச்சுத்தான் அவங்க என்ன சமைச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும். யாருடி தேய்ச்சது?"

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ஆனால் அதே சட்டியின் இன்னொரு துண்டு பக்கத்துப் பெண்ணின் வாளியில் கிடந்தது. பேசாமலிருந்தால் அவளும் தேய்த்துவிடுவாள்.

"நான்தான்க்கா. இன்னொரு துண்டு இருக்கு, அத இன்னும் தேய்க்கல."

இங்கு வந்து நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அக்கா இரண்டு துண்டையும் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உங்கம்மா நல்லாத்தான் பழக்கியிருக்காங்க. இனிமே கருகலப் பாத்தா என்னைக் கூப்பிடு."

வேலை போகவில்லை, கவலைப்படாதே.

தண்ணீரில் கை வெடிக்கிறது, களிம்பு அனுப்பு. என் பச்சை ஸ்வெட்டரையும் அனுப்பு, துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை அப்படியே இருக்கட்டும். நான் ஊருக்கு வருகிற வாரம் சட்டி அடிப்பிடித்தால் தேய்க்காமல் வை. நான் இல்லாமல் என்ன சாப்பிட்டீர்கள் என்று பார்க்கிறேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்